நடுங்கிய முள்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ப்யூஸ் எழுதுவது. இங்கே நான், இவள், மகள் மூவரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் நீ மூன்று தடவை போன் செய்தாயாம். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் நீ பேசுவது, காலித் தொட்டிக்குள் யாரோ கல் உருட்டுகிற மாதிரி இருந்தது. அதனால்தான் போனை இவளிடம் கொடுத்துவிட்டேன். நீ அழுததை இவள் பலகையில் எழுதிக் காட்டினாள். வீட்டில் இப்போது எல்லாமே பலகைதான். சின்னவளின் எழுத்துப் பலகையை வாங்கி அடுப்படி வாசலில் மாட்டியிருக்கிறோம். நேற்று அவள் அதில் "அப்பா நீங்க கத்தறீங்க" என்று எழுதினாள். நான் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனிலேயே தட்டி அனுப்பலாமே என்பாய். வலது கட்டைவிரலில் இன்னும் கட்டு. இடது கையால் பேனா பிடிக்கிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உறை ஒட்டுவது இவள் வேலை, ஒட்டுமுன் படித்துவிடுவாள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கமாகவே எழுதுகிறேன்.

விபத்து நடந்த அன்று காலை பத்து மணிக்கு, பராமரிப்புக்காக எங்கள் துணை மின்நிலையத்தில் ஒரு கம்பி வரிசையை மின்சாரம் இல்லாமல் ஆக்க வேண்டும். முதலில் கண்ட்ரோல் ரூமிலிருந்து, ஓடும் மின்சாரத்தை வெட்டும் பிரேக்கரைத் திறக்க வேண்டும். பிறகு வெளியே போய், கம்பியையே பிரித்துவைக்கும் ஐசோலேட்டரைக் கையால் திறக்க வேண்டும். இதுதான் வரிசை. பதினான்கு தடவை செய்திருக்கிறேன். அன்றும் பிரேக்கரைத் திறந்தேன். மீட்டர் முள் பூஜ்யத்துக்குப் போகவில்லை. கால்வாசியில் நின்று நடுங்கியது. சரி, மீட்டர்தான் பழுது போலிருக்கிறது என்று ஐசோலேட்டரைத் திறக்க வெளியே போனேன். அங்கே பி.டி. உறுமிக்கொண்டிருந்தது. (இவளுக்காக: கம்பியில் எத்தனை வோல்ட் என்று மீட்டருக்குச் சொல்லும் சின்ன மின்மாற்றி.) எப்போதும் கேட்கும் ரீங்காரம் இல்லை, அதைவிட ரொம்பக் கீழே. இருபதடி தூரத்தில் இருக்கும்போது வெடித்தது. பீங்கான் சில்லு கட்டைவிரலோடு என்னை விட்டுவிட்டது, சத்தம் விடவில்லை.

விசாரணைக் குழுத் தலைவர் சொன்னதை இவள் எழுதிக் காட்டினாள். "வரிசைப்படி செஞ்சா இப்படி ஆகாதுன்னு ஆய்வறிக்கை இருக்கு. ஆனா ஆகியிருக்கு. அப்படின்னா நீங்க வரிசைப்படி செய்யல." முள் நடுங்கியதைச் சொன்னேன். "பயத்துல உங்க கண்ணு நடுங்கியிருக்கும்" என்றார். உறுமலைப் பற்றிச் சொன்னபோது என் காதைப் பார்த்தார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இது விசாரணைக்காக இல்லை, எனக்காக. மின்சாரத்தின் தாளத்தைவிடக் கீழான ஒரு தாளத்தில் அந்த இரும்பு உறும முடியுமா? அல்லது எனக்குத்தான் பிரமையா? மின்சாதனங்களுக்குக் கணக்குப் போடுவதுதானே உன் வேலை, உன் கணக்கு என்ன சொல்கிறது?

அன்புடன்,
உன் ப்யூஸ்


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இடது கையெழுத்து உன் வலது கையெழுத்தைவிட நன்றாகவே இருக்கிறது, பள்ளிக்கூடத்திலேயே மாற்றியிருக்கலாம்.

விபத்து நடந்து பத்து நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. "அக்கா பயந்துடுவா" என்று நீ சொன்னாயாம். பயப்படத்தானே அக்கா இருக்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். நேர்க்கோட்டுச் சமன்பாடு சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நீ எந்தத் தாளம் கொடுக்கிறாயோ அதையே திருப்பித் தட்டும். கீழான தாளம் அதற்கு வராது. உன் குழுவிடம் இருக்கும் அறிக்கை அந்த மாதிரிச் சமன்பாட்டில் செய்ததாக இருந்தால், அதில் உன் உறுமலுக்கு இடமே இல்லை.

ஆனால் இரும்பு நேர்க்கோடு இல்லை. காந்தப்புலம் ஓரளவு வரைதான் அதற்குள் அடங்கும். நிரம்பிய பிறகு அது வேறு ஆள். இரும்பு நிரம்புகிற அந்த வளைவைச் சமன்பாட்டுக்குள் எழுதினால் அது நேர்க்கோடில்லாத சமன்பாடு ஆகிவிடும். அதற்குச் சுருக்கமான விடை கிடையாது. கம்ப்யூட்டரை உட்காரவைத்துத் துளித்துளியாக நடத்திப் பார்க்க வேண்டும். அது என்ன செய்யும் என்று உட்காரும்வரை எனக்கும் தெரியாது. இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன், இன்னும் என்னை ஏமாற்றுகிறது.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். உறுமல் எவ்வளவு கீழே, எதைப் போல? முள் நின்றது எந்த எண்ணில்? அந்த ஆய்வறிக்கையின் எண் என்ன, யார் செய்தது? மூன்றாவதுதான் முக்கியம். எந்த அனுமானத்தில் கோட்டை விட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

இருவருக்கும் அன்பு. சின்னவளிடம் சொல், பலகையில் அத்தைக்கும் ஒரு மூலை வேண்டும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உறுமலைப் பற்றி. நிறுத்தத்தில் லாரி இஞ்சினை அணைக்காமல் நின்றால், பக்கத்தில் நிற்பவன் நெஞ்சில் கேட்குமே, அது. காதைவிடக் கால் வழியாகத்தான் அதிகம் வந்தது. காது போனாலும் கால் ஞாபகம் வைத்திருக்கிறது.

முள் நின்றது முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே. அளவுகோல் நூற்று ஐம்பது வரை. கொசு உட்கார்ந்த மாதிரி நடுங்கியது.

அறிக்கையை மேஜையில் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். எண்ணைப் பார்க்கவில்லை. அது உனக்கு வேண்டாம், அக்கா. வளைவு கம்பெனிப் புத்தகத்திலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்தை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. திட்டாதே. முதல் விசாரணையில் "வரிசை மாறியிருக்கலாம், ஞாபகமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மே 12 கடைசி விசாரணை. தவறு என்னுடையது என்று முடிவானால் அனுமதிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்தக் கைப்பிடியையும் தொட முடியாது. பதினேழு வருஷம் அந்தக் கைப்பிடிகளைத்தான் பிடித்திருக்கிறேன். வேறு எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

சின்னவள் பலகையின் கீழ் மூலையில் கோடு போட்டு "அத்தை" என்று எழுதியிருக்கிறாள். அதற்குள் யாரும் எழுதக் கூடாதாம்.

அன்புடன்,
ப்யூஸ்


ஏப்ரல் 9

என் மக்குத் தம்பிக்கு,

ஞாபகமில்லை என்று எழுதிக் கொடுத்தாயா? உனக்கா ஞாபகமில்லை? ஐந்தாம் வகுப்பில் நான் எந்த நிறச் சட்டையில் பரிசு வாங்கினேன் என்பதுவரை வைத்திருப்பவனுக்கு, எந்தக் கைப்பிடியை முதலில் திருப்பினாய் என்பது ஞாபகமில்லையா? யாருக்குப் பயந்து அப்படி எழுதினாய்? இதை நேரில் வந்து கேட்பேன்.

இப்போது நல்ல செய்தி. உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய வளைவை அப்படியே சமன்பாட்டில் வைத்தேன். பிரேக்கர் திறந்த பிறகும் அதன் கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து பி.டி.க்கு வரும். அதையும் சேர்த்தேன். பிறகு நீ பிரேக்கரைத் திறந்த கணத்தை மாற்றி மாற்றி நடத்தினேன். மின்சாரம் வினாடிக்கு ஐம்பது அலை வரும் அல்லவா, அதில் ஒரு அலையை முந்நூற்று அறுபது துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு தடவை. அலுவலகத்தில் என் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் தாங்காமல் பக்கத்து மேஜைக்காரர் இடம் மாறிவிட்டார்.

முந்நூற்று முப்பத்தேழு தடவை எல்லாம் அடங்கிப் பூஜ்யத்துக்குப் போனது. இருபத்து மூன்று தடவை அடங்கவில்லை. ஊட்டுகிற தாளத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்குத் தாளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இறங்கவே மாட்டேன் என்றது. மீட்டர் எவ்வளவு காட்டும் என்று கணக்கிட்டேன். முப்பத்தாறு.

உன் காது பொய் சொல்லவில்லை. உன் கண்ணும் நடுங்கவில்லை. பதினான்கு தடவை ஒன்றும் ஆகாமல் பதினைந்தாவது தடவை ஆனதும் இதனால்தான். வரிசை அதேதான், வினாடியில் ஒரு சிட்டிகை முன்னே பின்னே. அதற்கு எந்த மனிதனின் கையும் பொறுப்பாக முடியாது. விடை வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். உனக்குப் போன் செய்யக் கை போனது, பிறகுதான் ஞாபகம் வந்தது.

இனி அந்த அறிக்கை மட்டும்தான் வேண்டும். நீ தர மாட்டாய் போலிருக்கிறது. இந்த மாதிரி அறிக்கை பெரும்பாலும் எங்கள் அலுவலகத்திலிருந்துதான் போகும், நாளைக்கு எங்கள் ஆவண அறையில் நானே தேடுகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 12

தம்பி,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

அறிக்கை கிடைத்தது. இருபத்தொன்பது பக்கம். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: "இரும்பின் இயல்பு நேர்க்கோடாகக் கொள்ளப்பட்டது." கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து.

பத்து வருஷத்துக்கு முன் செய்தது. அதற்குப் பிறகு எத்தனையோ அறிக்கை, இதை மறந்தே போயிருந்தேன். பக்கத்தைப் புரட்டியதும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வளைவோடு ஒவ்வொரு துண்டாக நடத்திப் பார்க்க அன்றைய கம்ப்யூட்டருக்கு நான்கு முழு நாள் வேண்டும். அறிக்கை கொடுக்க மூன்று நாள்தான் இருந்தது. நான்காம் நாள் காலை ரயில், உன் கல்யாணத்துக்கு. இவ்வளவு சின்ன மின்னழுத்தத்தில் இரும்பு எங்கே நிரம்பப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கோட்டை நேராக்கினேன். மத்தியானத்துக்குள் விடை வந்துவிட்டது. சாயங்காலம் உனக்குச் சட்டை வாங்கப் போனேன்.

சின்ன வயதில் நீ பிளக் ஓட்டையில் சொருகிய அந்தக் கொண்டை ஊசியும் என்னுடையதுதான். "சொருகுடா, ஒண்ணும் ஆகாது" என்றவள் நான். வீடு முழுக்க விளக்கு போனது, அடி உனக்கு, ப்யூஸ் என்ற பட்டப் பெயரும் உனக்கு. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இருபது வருஷம் கழித்து அதே "ஒண்ணும் ஆகாது"வை இருபத்தொன்பது பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை உன் காது போய்விட்டது.



அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குத் தெரியும்.

முதல் விசாரணையிலேயே அறிக்கையை என் முன் வைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் வால் நீண்ட அந்தக் கையெழுத்து. என் நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் நீ பழகிய கையெழுத்தை எனக்குத் தெரியாதா? உன் பேருக்குப் பக்கத்தில் மாமா பேர் இருப்பதால் யாருக்கும் உறவு தெரியவில்லை. அப்போதுதான் "ஞாபகமில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். யாருக்குப் பயந்து என்று கேட்டாயே, உன்னை அங்கே இழுத்துவிடுவார்களோ என்று பயந்துதான்.

உன் கணக்கைக் கேட்டது எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். முப்பத்தாறு என்று படித்ததும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு சத்தமாக அழுதேன் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது பலகையில் "எதிர் வீட்டுக்காரங்க வந்து கேட்டுட்டுப் போனாங்க" என்று எழுதியிருந்தது.

எனக்கு அது போதும், அக்கா. அந்தக் கணக்கை உன்னிடமே வைத்துக்கொள். குழுவுக்கு அனுப்பாதே. எனக்குக் காது போய்விட்டது. கண்ட்ரோல் ரூமுக்கு எப்படியும் திரும்ப முடியாது, மருத்துவர் சொல்லிவிட்டார். போன காதுக்காக உன் பெயரும் போக வேண்டாம். இருபது வருஷம் உழைத்து நீ பிரிவுத் தலைவியாகி எட்டு மாதம்தான் ஆகிறது.

கல்யாண ரயிலைப் பற்றி இவளிடம் சொன்னேன். "ஆக எல்லாத்துக்கும் காரணம் நம்ம கல்யாணம்தான். எனக்கு அப்பவே தெரியும்" என்று பலகையில் எழுதினாள். பிறகு அதை அழித்துவிட்டு, உன் மூலையில் "அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று எழுதினாள். உன் மூலையில் எழுத இவளுக்கு மட்டும் சின்னவள் அனுமதி கொடுத்திருக்கிறாள்.

அனுப்பாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் ப்யூஸ்


ஏப்ரல் 27

அன்புத் தம்பிக்கு,

அனுப்பிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு ஆறு நாள் முன்பே. முன்பே வந்திருந்தாலும் அனுப்பித்தான் இருப்பேன்.

நீ செய்ததை நினைத்தால் ஒரு பக்கம் நெஞ்சு நிறைகிறது, இன்னொரு பக்கம் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. என் தவறை நீ உன் பெயரில் எழுதிக்கொண்டால் அது எங்கே போகும்? எங்கும் போகாது. அந்த அறிக்கையை வைத்துத்தான் பதினோரு நிலையங்களில் வரிசை எழுதியிருக்கிறார்கள். அதே பி.டி., அதே பிரேக்கர். இன்று காலையில்கூட யாரோ ஒருவர் பிரேக்கரைத் திறந்துவிட்டு ஐசோலேட்டரை நோக்கி நடந்திருப்பார். அவர் வீட்டிலும் ஒரு பலகை மாட்ட வேண்டுமா? "ஒண்ணும் ஆகாது" என்று அவருக்கும் சொன்னவள் நான்தானே.

பதினோரு இடத்துக்கும் தகவல் போய்விட்டது. பி.டி.யின் இரண்டாம் கம்பிச் சுருளில் ஒரு மின்தடையத்தை, அதாவது ரெசிஸ்டரை, இணைத்தால் போதும், அந்தத் தாளம் உட்கார இடமில்லாமல் போய்விடும். முந்நூற்று அறுபது துண்டிலும் நடத்திப் பார்த்தேன். ஒன்றுகூட உறுமவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அன்று ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் இதையும் அதே அறிக்கையில் எழுதியிருப்பேன். ஒரு ரயில் தள்ளிப் போயிருப்பேன், அவ்வளவுதான். முகூர்த்தத்துக்கு வந்தே சேர்ந்திருப்பேன்.

பன்னிரண்டாம் தேதி நான் வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார மாட்டேன், சாட்சி நாற்காலியில்தான் உட்காருவேன். நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். வரிசை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று சொல். அதை மட்டும் எனக்காகச் செய்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மாமா இவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

அன்று நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. பார்த்தேன். கரும்பலகையில் நேராக ஒரு கோடு போட்டாய். அதன் மேலேயே வளைவான கோடு போட்டாய். இரண்டும் பிரிகிற இடத்தில் சாக்பீஸை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். பிறகு கண்ணாடியைக் கழற்றினாய். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். அறிக்கை உன்னுடையது என்று அந்த இடத்தில்தான் சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு எழுந்து வந்து உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இவள் என் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தாள்.

மீதியை இவள் நோட்டில் எழுதியதிலிருந்து தெரிந்துகொண்டேன். உறவு என்பதால் காப்பாற்றுகிறீர்களா என்று தலைவர் கேட்டாராம். "உறவுக்காகப் பொய் சொல்றதுன்னா, அவன் ஏற்கெனவே சொன்ன பொய்யே போதுமே, நான் எதுக்கு வரணும்" என்றாயாம். அந்த வரிக்குக் கீழே இவள் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

முடிவு நேற்று வந்தது. எழுதிக் கொடுத்ததை நான் திரும்ப வாங்கிக்கொண்டதை ஏற்றுக்கொண்டார்கள், என்மேல் தவறில்லை. அனுமதிச் சீட்டு என்னிடமே இருக்கும், ஆனால் காது காரணமாகச் சோதனைப் பிரிவுக்கு மாற்றம். அங்கே வேலை மீட்டர்களோடுதான். முள்ளைப் பார்க்கக் காது வேண்டாம். உன்னைப் பிரிவுத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்றும், ஒரு வருஷத்துக்கு நீ தனியாக எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட முடியாது என்றும் மாமா எழுதியிருந்தார். நீ அதை எழுதவில்லை. உனக்கும் ரகசியம் வைக்க வருகிறது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஏதோ கேட்டாய். இவள் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள், எழுதிக் காட்ட ஆளில்லை. நான் பலமாகத் தலையாட்டினேன். உண்மையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்டாய்?

அன்புடன்,
ப்யூஸ்


மே 24

அன்புத் தம்பிக்கு,

வீடு வந்து சேரும்வரை ஒன்பது மணி நேரம் அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வந்த பிறகும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பதவி போனதைக்கூட எழுதத் தோன்றாததற்கு அதுதான் காரணம். இப்போது உனக்குக் கேட்கவே இல்லை என்கிறாய். மறுபடியும் எடுத்த எடுப்பில் ஒரு அனுமானத்தை வைத்துக்கொண்டு விடை எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

நான் கேட்டது இது: "என்னை மன்னிச்சிடுவியாடா?"

இந்தத் தடவை அவசரமில்லை. நன்றாக யோசித்து, எழுத்தில் பதில் சொல். இல்லை என்றாலும் அதை எழுது. வலது காதையும் ஒரு ஓட்டுப் போடச் சொல், அதைக் கேட்காமல் முடிவு செய்யாதே.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அஞ்சலட்டைதான், உறை ஒட்ட இவள் இல்லை, ஊருக்குப் போயிருக்கிறாள். கட்டைவிரல் கட்டு பிரித்தாயிற்று, வலது கையால்தான் எழுதுகிறேன், நீ சொன்னது சரி, இடது கையெழுத்தே மேல்.

நேற்று எங்கள் நிலையத்தில் புது பி.டி.க்கு உன் மின்தடையத்தை இணைத்தோம். இணைத்தது நான். பிரேக்கரைத் திறந்து பார்த்தார்கள், மாற்றி மாற்றி நாற்பது தடவை. எனக்குக் கேட்காது என்பதால் பி.டி.யிலிருந்து தள்ளி, சத்தம் கேட்கும் தூரத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, நான் கண்ட்ரோல் ரூமில் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது தடவையும் பூஜ்யத்துக்குப் போய் நின்றது. நடுங்கவில்லை.

உன் கேள்வியை மூன்று நாள் யோசித்தேன், நீ சொன்னபடி வலது காதையும் கேட்டேன். கேள்வி காதில் விழாமலே தலை சரியாகத்தான் ஆடியிருக்கிறது.

உன் ப்யூஸ்